மந்திரக்காரி வரும்போது நிமிரும் நாவல்

(ஈப்போவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேராக் மண்ணில் ரப்பர்ப் பால் வெட்டிய ஒரு தாயின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. இங்கே இதற்குமுன் பேசியவர்கள் சங்கப் பாடல்களைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு மாயக்கதை. மந்திரக்காரிகளும் நாகங்களும் வருகிற, சிரிக்கவைக்கிற நாவல். எல்லாப் பக்கமும் ஒரே தரத்தில் அமையாத நாவலும்கூட. இதை எழுதியவர் நம் நாட்டுப் பெண், பெயர் ஜென் சோ. மலேசியாவில் பிறந்து வளர்ந்து, சட்டம் படித்து, இங்கிலாந்தில் வழக்கறிஞராக இருந்துகொண்டே எழுதிவந்தவர். 2015இல் 'சோர்சரர் டு தி கிரவுன்' என்ற நாவலையும், அதே உலகில் நடக்கும் 'தி ட்ரூ குவீன்' என்ற நாவலை 2019இலும் வெளியிட்டார். முதல் நாவல் அவருக்கு 2016இல் பிரிட்டிஷ் ஃபேன்டஸி விருதுகளில் சிறந்த புதுமுகத்துக்கான பரிசைப் பெற்றுத் தந்தது. இரண்டாவது நாவலைப் பற்றித்தான் வாசகர்களிடையே கருத்து பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் காலத்து உலகம், ஆனால் மந்திரம் உண்மையாக வேலை செய்யும் உலகம். மலாக்கா நீரிணையில் ஜண்டா பாய்க் என்றொரு கற்பனைத் தீவு. புயலடித்து ஓய்ந்த பிறகு இரண்டு பெண்கள் கடற்கரையில் கண்விழிக்கிறார்கள். சக்தி, முனா என்ற பெயர்களும், தாங்கள் சகோதரிகள் என்பதும் மட்டும் நினைவிருக்கிறது. யாரோ தங்களுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்பது புரிகிறது. அந்தத் தீவின் மந்திரக்காரி மாக் கெங்காங் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறாள். சக்திக்கு மந்திரம் வருகிறது, முனாவுக்குத் துளியும் வரவில்லை. சக்தியின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறையத் தொடங்கியதும், செய்வினையை எடுக்க இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்புகிறாள் மாக் கெங்காங். மாய உலகத்தின் வழியாக நடந்துபோகும்போது சக்தி காணாமல் போய்விடுகிறாள். முனா மட்டும், மந்திரம் தெரிந்தவள்போல் நடித்துக்கொண்டு, பெண்களுக்கு மந்திரம் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் போய் நிற்கிறாள். அந்தப் பள்ளியை நடத்துபவள் முதல் நாவலின் நாயகி புரூனெல்லா. அவள் தாய் ஓர் இந்திய மந்திரக்காரி. இங்கிலாந்தின் அரச மந்திரவாதிப் பதவியில் இப்போது இருப்பவளும் அவள்தான்.

ஈப்போவில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடி ஒரு நூலைப் பேசுவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தாதி, இரண்டு கல்லூரி மாணவிகள், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இப்போது இங்கே கடை வைத்திருக்கும் ஒருவர் என்று பலவகைப்பட்டவர்கள். இந்த நாவலை எடுத்த அன்று யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் ஒருவர், முதல் நூறு பக்கத்தைத் தாண்ட மிகவும் சிரமப்பட்டதாகச் சொன்னார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலக் கனவான்கள் பேசிய வளைந்த நடையில் நூல் முழுதும் எழுதப்பட்டிருக்கிறது. சிலருக்கு அதுவே விருந்து, அவருக்கு அது முள். தாதியின் குறை வேறு. "அந்த ரெண்டு பொண்ணுங்க யாருன்னு எனக்கு ஆரம்பத்திலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனா எழுதினவங்க கடைசி வரைக்கும் மூடி மூடி வெச்சிருக்காங்க" என்றார். மாணவிகளில் ஒருத்திக்கு, முனாவுக்கும் ஹென்றியெட்டா என்ற ஆசிரியைக்கும் இடையே மலரும் காதல் போதவில்லை. இன்னும் பத்துப் பக்கம் அவர்களுக்காக ஒதுக்கியிருக்கலாம் என்று மனம் நொந்து சொன்னாள். கடைக்காரர் மட்டும் நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். மாக் கெங்காங் வரும் பக்கங்களை மட்டும் இரண்டு முறை படித்திருந்தார். "எங்க லயத்துல இருந்த பாட்டிய அப்படியே புக்குல கொண்டாந்து வெச்சுட்டாங்க சார்" என்றார்.

வெளிநாட்டு வாசகர்களும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இடறியிருக்கிறார்கள். முதல் நாவலின் வேகம் இதில் இல்லை, புரூனெல்லாவின் துணிச்சலுக்குப் பக்கத்தில் முனா அடங்கிப்போகிறாள், மர்மம் சீக்கிரம் அவிழ்ந்துவிடுகிறது, சிரிப்பு மட்டும் குறையவில்லை என்றெல்லாம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் கடைக்காரர் பார்த்ததை அவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்ததில்தான் இந்த நாவலின் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒவ்வொரு லயத்திலும் அப்படி ஒருத்தி இருந்தாள். பிள்ளைக்குச் சீர் தட்டினால் விபூதி போட்டு மந்திரிப்பாள். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் நடுச்சாமத்திலும் வருவாள். மிளகாயும் உப்பும் சுற்றித் திருஷ்டி கழிப்பாள், அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை கட்டுவாள். விடிகாலையில் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்வந்த அதே பெண்தான் இவ்வளவும் செய்தாள். கங்காணி அவளிடம் அடங்கிப் பேசுவான். தேவைப்பட்டால் மலாய்க் கம்பத்து மந்திர வைத்தியரான பொமோவிடமும் நம்மவர்கள் போனார்கள், அங்கிருந்தும் நம் முனியாண்டி சாமியிடம் வந்தார்கள். மருந்துக்கும் பயத்துக்கும் இந்த நாட்டில் இன எல்லை இருந்ததில்லை.

அதே பாட்டிக்கு இன்னொரு முகத்தையும் லயம் கொடுத்தது. கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், வாய்த்துடுக்கானவள் என்றால், யார் வீட்டில் குழந்தை நோயில் விழுந்தாலும் பழி அவள்மேல் விழும். காலையில் கும்பிட்ட கை மாலையில் கதவைச் சாத்தும். இது வெறும் பழங்கதையும் அல்ல. பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடிப்பதையும் ஊரைவிட்டுத் துரத்துவதையும் தடுக்க இந்தியாவின் பீகார் மாநிலம் 1999இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது, அடுத்து ஜார்க்கண்ட் அதைப் பின்பற்றியது. ஆகவே மந்திரக்காரியை வைத்துச் சிரிப்புக் கதை எழுதுகிறவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதை நாம் கவனித்தே ஆகவேண்டும்.

ஜென் சோ அந்தச் சோதனையில் முழுமையாகத் தேறுகிறார். மாக் கெங்காங் வாய்த்துடுக்குக்காரி, கோபக்காரி, பிடிவாதக்காரி. ஆனாலும் அவளைப் பார்த்து நாம் ஓரிடத்திலும் சிரிப்பதில்லை. அவளுக்கு முன்னால் நெளிகிற பெரிய மனிதர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். முதல் நாவலில் ஜண்டா பாய்க் தீவின் சுல்தான், தன் நாட்டு மந்திரக்காரிகளை அடக்க உதவி கேட்டு லண்டனுக்குப் போகிறார். அவர் பின்னாலேயே, அழைப்பில்லாமல், மாக் கெங்காங் அங்கே வந்து நிற்கிறாள். ஆங்கிலேய மந்திரவாதிகளின் நாகரிகமான அவையில் அவள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அந்த நாவலின் உச்சங்களில் அது ஒன்று. ஏழை வீட்டுக் கிழவி சபை நடுவே உண்மையைப் போட்டு உடைக்கும்போது நமக்கு வருகிற சிரிப்பு அது.

இந்தக் காட்சியை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து படிக்கிறவருக்கு அது நல்ல நகைச்சுவை. பேராக்கில் இருந்து படிக்கிற நமக்கு அது வரலாறு. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோரில் என்ன நடந்தது? பேராக் அரியணைக்கு உரிமை கோரிய ராஜா அப்துல்லா பிரிட்டிஷ் ஆளுநரின் துணையை நாடினார். அரியணை கிடைத்தது. கூடவே, மதமும் மலாய் வழக்கங்களும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு நடக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி முதல் ரெசிடென்ட் பர்ச் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார், அப்துல்லா பின்னர் செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். 1877இல் கோல கங்சாருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்தன. அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் நம் பாட்டன் பூட்டிகள் கப்பலேறி வந்தார்கள். ஓர் அரசர் வெளியாரிடம் உதவி கேட்டால் என்னென்ன கூடவே வரும் என்பதைப் பேராக் தமிழனைவிட வேறு யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்? நாம் இந்த மண்ணில் நிற்பதே பங்கோர் ஒப்பந்தத்தில் விழுந்த கையெழுத்தின் விளைவுகளில் ஒன்று. முதல் நாவலில் மாக் கெங்காங் லண்டன் அவையில் சுல்தானைக் கண்டிக்கும் இடத்தைப் பேசியபோது எங்கள் கடைக்காரர் மேசையைத் தட்டினார். அதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. மாக் கெங்காங் முழுக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1895இல் வெளியிட்ட 'மலாய் ஸ்கெட்சஸ்' நூலில், நோயுற்ற ஓர் ஆட்சியாளருக்காகப் பேராக்கில் நடந்த ஆவியழைப்புச் சடங்கை விவரித்திருக்கிறார். அதை முன்னின்று நடத்தியவர் அரச குடும்பத்தோடு உறவுள்ள ஒரு பெண்மணி. பேராக் அரசில் மாநிலப் பாவாங்குகளின், அதாவது மந்திரவாதிகளின், தலைவருக்குச் சுல்தான் மூடா என்ற பட்டமே இருந்திருக்கிறது. தாப்பாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் அதிகாரி வின்ஸ்டட், மலாய் மந்திர மரபில் சைவத்தின் சாயலைத் தேடி 1925இல் ஒரு நூலே எழுதினார். மந்திரம் என்பது இங்கே அரண்மனையிலும் இருந்தது, லயத்திலும் இருந்தது. ஜென் சோ இந்த மரபிலிருந்து ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் அவள் வருகிற பக்கமெல்லாம் நாவல் நிமிர்ந்து உட்கார்கிறது.

இனி நாவல் தொய்கிற இடங்களுக்கு வருகிறேன். அவற்றை மறைத்துப் பேசினால் நான் எழுத்தாளருக்கும் உண்மையாக இருக்க முடியாது, உங்களுக்கும் உண்மையாக இருக்க முடியாது.

'தி ட்ரூ குவீன்' நாவலில் மாக் கெங்காங் மிகக் குறைவாகவே வருகிறாள். தொடக்கத்தில் நம் மனத்தைப் பிடித்துக்கொண்டவளைத் தீவிலேயே விட்டுவிட்டுக் கதை கப்பலேறாமலே இங்கிலாந்து போய்விடுகிறது. அங்கே மாய உலகத்து அரசி, திருட்டுப்போன ஒரு மந்திரப் பொருளுக்காக இங்கிலாந்தை மிரட்டுகிறாள். அந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது, எப்படித் திரும்பப் போகும் என்பதில் நாவலின் நடுப்பகுதி பெரும்பாலும் கரைகிறது. அந்தப் பகுதியில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. டிராகன் குடும்பத்தில் பிறந்து மனித வேடத்தில் திரியும் ரோலோவும், அவனை அதட்டும் அத்தை டிராகனும் சேர்ந்தால் படிக்கிறவர் வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு ஆங்கில நாவல் மரபு ஏற்கெனவே நன்றாகச் செய்து பழகிய சிரிப்பு. பணக்கார வீட்டு அத்தைகளும் பயந்தாங்கொள்ளி மருமகன்களும் அங்கே நூறு நாவல்களில் உண்டு. ஜென் சோ இல்லாமலும் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கலாம். தீவின் பக்கங்களை அவரைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாது. ஒரே நூலுக்குள் இந்த இரண்டு வகைப் பக்கங்களும் இருப்பதால்தான் மேடு பள்ளம் நமக்கு இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது.

தாதி அம்மையாரின் குறைக்கு நான் இங்கே நின்று பதில் சொல்லியாக வேண்டும். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் அதைச் சொல்ல முடியாது. இன்னும் படிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். சக்தியும் முனாவும் இரண்டு பெண்கள் அல்லர், இரண்டாகப் பிளக்கப்பட்ட ஒரே உயிர். அந்த உயிரின் பெயர் சக்திமுனா. மாய உலகின் உண்மையான அரசியான நாகம் அவள். இந்தப் பெயர் 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூலில் இருக்கிறது. மலாய் அரச மரபுகளின் மூதாதை என்று அந்நூல் சொல்லும் சங் சபுர்பா மினாங்கபாவுக்குப் போனபோது, அந்நாட்டை அழித்துக்கொண்டிருந்த பாம்பு சக்திமுனா. அவர் தந்த வாளால் அது வெட்டிக் கொல்லப்படுகிறது. அந்த வாளுக்குச் சூரா சி மஞ்சாக்கினி என்று பெயர். அதே வாள் என்று மரபு போற்றும் ஒரு வாள் இன்றைக்கும் பேராக் சுல்தானின் அரச சின்னங்களில் ஒன்றாக இருக்கிறது.

கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். வீரத்தின் சான்றாக வெட்டப்பட்ட பாம்பை, இரண்டு பெண்களாகக் கரையொதுக்கி, பசியும் பயமும் பாசமும் கொடுத்து, கடைசியில் அரியணையில் ஏற்றுகிறார் இந்த எழுத்தாளர். வாளின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை, வெட்டுப்பட்டவளின் பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லப்படுகிறது. நல்லதங்காளையும் நீலியையும் கேட்டு வளர்ந்த நமக்கு, வெட்டுப்பட்டவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களும் தெய்வமாகி எழுவது புதிதல்ல. ஆனால் அதைச் சிரிப்போடு, குழந்தைக் குறும்போடு ஒருவர் செய்து நான் படித்தது இதுதான் முதல் முறை.

அப்படியானால் தாதி அம்மையார் சொன்னது தவறா? இல்லை, அவர் சரியாகவே சொன்னார். பெயரைத் தெரிந்தவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. பெயர் தெரியாதவர்களுக்கும் பாதியில் புரிந்துவிடுகிறது. எழுத்தாளர் அதைப் புதிர்போல் கடைசிவரை இழுத்திருக்க வேண்டியதில்லை. நடுவிலேயே உடைத்துவிட்டு, இரண்டாகி வாழப் பழகியவர்கள் மறுபடி ஒன்றாவதென்றால் யாருக்கு என்ன இழப்பு என்ற கேள்வியில் முழு பலத்தையும் போட்டிருக்க வேண்டும். மந்திரமற்ற முனா, அடக்கமான முனா, தனக்கென்று ஒரு தோழியைத் தேடிக்கொண்ட முனா, திடீரென்று சக்தியோடு கரைந்துபோக வேண்டுமா? இந்தக் கேள்வி கடைசி அத்தியாயங்களில் எழுகிறது. எழும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. ஆனால் தாமதமாக எழுகிறது, அவசரமாகத் தீர்க்கப்படுகிறது. மாணவி கேட்ட அந்தப் பத்துப் பக்கமும் இங்கேதான் வேண்டியிருந்தது. அவள் கேட்டது காதலுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முனா யாரை நேசிக்கிறாள் என்பது திடமாக நின்றிருந்தால்தான், அவள் கரைந்துபோவது என்ற ஆபத்தும் திடமாக நின்றிருக்கும்.

முனாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வாசகர்கள் பலர் அவளை மந்தமானவள் என்கிறார்கள். தோட்டப் பள்ளியில் படித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியாது, தெரியாதது தெரிந்துவிட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பதற்றம். மந்திரப் பள்ளியில் முனா படுகிற பாடு அப்படியே அதுதான். அவளுடைய அடக்கம் பாத்திரப் படைப்பின் குறை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பிழைக்க வந்த இடத்தில் கண்ணும் காதும் திறந்து, வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு திறமை. மந்திரம் இல்லாத ஒருத்தி, மந்திரக்காரிகள் நடுவில், நயத்தாலும் நாவாலும் மட்டுமே தன் சகோதரியைத் தேடிப் போகிறாள். எனக்கு இந்த நாவலின் நாயகி அவள்தான்.

தரம் ஒன்றாய் இராத மாயக்கதை நமக்கொன்றும் அந்நியம் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகங்களாக வந்த விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் அல்லி அரசாணி மாலையையும் எடுத்துப் பாருங்கள். ஒரு கதை நெஞ்சை உருக்கும், அடுத்தது இழுவையாக இருக்கும், அதற்கடுத்தது வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தொய்கிற இடத்தில் வெற்றிலை மடித்தார்கள், நிமிர்கிற இடத்தில் "திரும்பப் படி" என்றார்கள். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் 'பாதாள பைரவி'யும் 'மாயா பஜா'ரும் பார்த்த மக்கள் அவர்கள். அவர்களுடைய ரசனை முழுமையைக் கேட்கவில்லை, உச்சத்தைக் கேட்டது. இந்த வழக்கம் எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று ஒரு நூலுக்கு மதிப்பெண் போடுகிறோமே, அதில் உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. மாக் கெங்காங்கின் பக்கங்களுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன், திருட்டுப்போன பொருளைத் தேடும் பக்கங்களுக்குப் பாதிகூடத் தரமாட்டேன். இரண்டையும் கூட்டி வகுத்தால் வருகிற எண் இந்த நாவலின் எந்தப் பக்கத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சிரிப்பு மாயக்கதை வகையின் பெரும் எழுத்தாளரான டெர்ரி பிராட்செட்டின் வாசகர்களும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள்தாம். 1987இல் அவர் எழுதிய 'ஈக்வல் ரைட்ஸ்' நாவலில் கிரானி வெதர்வாக்ஸ் என்ற கிராமத்து மந்திரக்காரி முதன்முதலாக வந்தாள். முதல் பாதி எழுந்து நிற்கும், பிற்பாதி தடுமாறும். அந்தக் கிழவியின் பலத்தைப் புரிந்துகொண்டு, அடுத்த ஆண்டே 'விர்ட் சிஸ்டர்ஸ்' நாவலில் அவளுக்கு இரண்டு துணைகளைச் சேர்த்து நடுவில் நிறுத்தினார். அவருடைய மந்திரக்காரி நாவல்கள் அதன்பின் ஏறுமுகமாகவே போயின. மாக் கெங்காங்கை நடுவில் நிறுத்தி ஜென் சோ ஒரு முழு நாவல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. 2021இல் வந்த 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவலில் செத்துப்போன பாட்டி ஒருத்தி பேத்தியின் தலைக்குள் புகுந்துகொண்டு பினாங்கையே கலக்குகிறாள். அந்த நாவலைப் படித்தபிறகு, கிழவிகளை எழுத இவரைவிட்டால் ஆளில்லை என்ற என் நம்பிக்கை உறுதிப்பட்டது.

இவ்வளவும் கலந்த ஓர் உலகம் செயற்கையாக இல்லையா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மலாய் மந்திரக்காரி, ஆங்கிலப் பிரபுக்கள், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற ஓர் ஆப்பிரிக்க மந்திரவாதி, இந்தியத் தாய்க்குப் பிறந்த நாயகி, எல்லோரும் ஒரே வரவேற்பறையில் எப்படி என்றார். அவரைப் பத்து காஜாவுக்குப் போய்வரச் சொன்னேன். அங்கேயுள்ள கெல்லிஸ் காசல் எல்லோருக்கும் தெரியும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததும் அரைகுறையாக நின்றுபோன மாளிகை. கட்டுமானத்தின்போது தொற்றுநோயில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மடிந்தார்கள். மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அந்தக் கோயிலின் மேற்கூரையில் சாமி சிலைகளின் வரிசையில் வெள்ளை உடையும் தொப்பியுமாகத் துரையும் நிற்கிறார். அம்மனோடு துரையையும் ஒரே கூரையில் ஏற்றிய மக்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு, மாக் கெங்காங் லண்டன் அவையில் நிற்பது எப்படிச் செயற்கையாகத் தோன்றும்?

வாசகர் கருத்து என்பதை இந்த நாட்டுத் தமிழர்கள் ஒருகாலத்தில் எவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். அதையடுத்து ரசனை வகுப்பு என்றே ஒன்று வந்தது. எழுதச் சொல்லித்தருவதோடு நில்லாமல், படித்ததைப் பற்றிக் காரணத்தோடு பேசவும் சொல்லித்தரவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1952இல் கோலாலம்பூர் வந்து தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதைகளை வரிவரியாகப் பேசினார். தோட்டத்திலிருந்து அஞ்சலட்டையில் வந்த கருத்துகளும் அச்சேறின. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. நான் பேசிக்கொண்டிருக்கும் நாவல் வெளிவந்த ஆண்டும் அதுதான். நம் நாட்டுப் பெண் ஒருத்தி நம் மண்ணின் பாம்பை அரசியாக்கி எழுதியபோது, அதைப் பற்றித் தமிழில் வாதிடத் தோதான ஒரு பெரிய மேடை நம்மிடமிருந்து போய்விட்டது. எங்கள் தாதி அம்மையாரும் கடைக்காரரும் சொன்னவை ஒரு மாலைநேரப் பேச்சாகவே நின்றுவிட்டன. எனக்கு இது பெரும் வருத்தம்.

ஆகவே இந்த அவையிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. ஆங்கிலம் படிக்க முடிந்தவர்கள் இரண்டு நாவல்களையும் படியுங்கள். முதல் நாவலிலிருந்து தொடங்குங்கள், நூறு பக்கம் பொறுத்திருங்கள். படித்தபிறகு பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பக்கத்தில் எழுந்தது, எந்தப் பக்கத்தில் விழுந்தது, ஏன் என்று தமிழில் எழுதுங்கள். மாணவர்கள் மாக் கெங்காங் வருகிற அத்தியாயங்களை உரிமை பெற்றுத் தமிழில் கொண்டுவர முயலுங்கள். அதற்குச் சிறு நல்கை ஒதுக்க வேண்டுமென்று அறக்கட்டளைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லயத்தில் விபூதி போட்ட பாட்டி இன்னும் உயிரோடு இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அவர் மந்திரித்ததையும் அவர்மேல் சுமத்தப்பட்ட பழியையும் அவர் வாயாலேயே சொல்லக்கேட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். அப்படிப்பட்ட பாட்டிகள் பலருக்கு இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டது.